கீழ்பென்னாத்தூர்க் கடற்பசுக்கள்

தருமன் கடலைப் பார்த்ததே இல்லை. ஊர்க்காரர்கள் ஒருமுறை வேன் வைத்துக்கொண்டு மகாபலிபுரம் போனபோது, ஏரிக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று அவர் மட்டும் நின்றுவிட்டார். அப்படிப்பட்டவருக்குத்தான் போன வருடம் திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலுள்ள ஒரு லாட்ஜின் மாடியில், ‘கடலோர மக்களின் பிரதிநிதி’ என்று சால்வை போர்த்தினார்கள். எப்படி என்று கேட்டால் அவருக்கு ஒழுங்காகச் சொல்ல வராது. அதனால் நான் சொல்கிறேன்.

கீழ்பென்னாத்தூருக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஏரி இருக்கிறது. அதில் மீன் வளர்க்கும் குத்தகையைத் தருமனும் அவர் மனைவி ஆதிலட்சுமியும் எடுத்திருந்தார்கள். நல்ல மழை பெய்த வருடம். கட்லாக் குஞ்சுகளை வாங்கி விட்டு, தவிடும் கடலைப் பிண்ணாக்கும் போட்டு வளர்த்தார்கள். மீன் ஒரு சாண் வளர்ந்திருந்த சமயத்தில், கரைக்கு அந்தப் பக்கமிருந்த பாறையில் காசி என்பவர் கல்குவாரி தொடங்கினார். வெடி வைத்தால் வீட்டில் பாத்திரம் உருண்டது. பாத்திரத்தை எடுத்து வைத்துவிடலாம். ஆனால் ஏரித் தண்ணீரும் ஒரு குலுக்குக் குலுங்கியது. மறுநாள் காலையில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பிழைத்த மீன்கள் தீனிக்கு மேலே வரவே இல்லை.

தருமன் காசியிடம் போய்ச் சொன்னார். காசி மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

“மீனுக்குக் காது எங்க இருக்குது தருமா? எவ்ளோ மீன் தின்னுட்டேன், ஒரு தடவை கூடக் காது மாட்டலையே” என்றார்.

டீயைக் குடித்துவிட்டு வந்த தருமன், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தார். மனுவை வாங்கியவர் படித்துப் பார்த்தார். “மீனு, தண்ணி, சத்தம். இது மூணும் சேந்து வர்ற ஆபீஸ் நம்ம ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான்யா” என்று சொல்லி மேலே ஒரு முத்திரை குத்தினார்.

அந்த ஆபீஸ், தேசிய நீரடி ஒலி வரைபட ஆணையத்தின் உள்நாட்டு மண்டலம். தண்ணீருக்கு அடியில் எங்கெங்கே எவ்வளவு இரைச்சல் இருக்கிறது, கப்பலும் வெடியும் இயந்திரமும் கடல்வாழ் உயிர்களை என்ன பாடு படுத்துகின்றன என்று வரைபடம் போடுவது ஆணையத்தின் வேலை. லாட்ஜின் மேல்மாடி முழுவதையும் அது வாடகைக்கு எடுத்திருந்தது. ஓர் அறையில் அலுவலகம். மற்ற அறைகள் ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் தங்குவதற்கு.

மண்டல இயக்குநர் டாக்டர் சரவணகுமார், தருமன் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார். அந்த ஆபீஸைத் தேடி ஒரு பொதுஜனம் வந்தது அதுதான் முதல் தடவை. அதுவரை ஒரு புகாரும் வராததை, ஒலி மாசே இல்லை என்பதற்குச் சான்றாக ஆண்டறிக்கையில் காட்டி வந்தார்கள்.

“கடல் இல்லாத ஊரில் கடல் ஆபீஸா என்று உங்களுக்குத் தோன்றும்” என்றார் இயக்குநர். தருமனுக்கு அப்போதுதான் தோன்றியது. “கடற்கரையில் உட்கார்ந்தால் அலைச் சத்தத்தில் எதுவுமே காதில் விழாது. கடலைப் பாரபட்சமில்லாமல் கேட்க வேண்டுமென்றால் அதைவிட்டு விலகி உட்கார வேண்டும். இன்னொரு விஷயம். கடலின் ஓதம், அதாவது நீர்மட்ட ஏற்ற இறக்கம், நிலவைப் பொறுத்தது. ஆகவே எங்கள் ஆய்வுக் கூட்டங்கள் எல்லாமே பௌர்ணமியன்றுதான் நடக்கும். எல்லா மாநிலங்களிலிருந்தும் அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து கலந்துகொள்கிறார்கள். இவ்வளவு அர்ப்பணிப்பை நான் வேறு எந்தத் துறையிலும் பார்த்ததில்லை.”

“மீனு சாவுதுங்க சார்” என்றார் தருமன்.

“அதை இனிமேல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார் இயக்குநர்.

அறையின் மூலையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் மணிமொழி. திமிங்கலங்கள் பேசிக்கொள்வதைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். கடலுக்குப் போகிறோம் என்று நினைத்து வேலையில் சேர்ந்து, திருவண்ணாமலைக்கு வந்து இறங்கியவள். தருமனைப் படி வரைக்கும் கொண்டுவந்து விட்டாள்.

“வெடி எத்தனை மணிக்கு வெக்கறாங்கண்ணா?”

“மதியானத்துலங்க மேடம்.”

“அந்த நேரத்துலயே வர்றோம். அப்பதான் சரியா தெரியும்” என்றாள்.

ஆனால் ஏரியில் சத்தத்தை அளக்க வந்த அளவை நாளன்று வெடியே இல்லை. அளவை முடியும்வரை வெடி வைக்கக் கூடாது என்று ஆணையம் காசிக்கு உத்தரவு அனுப்பியிருந்தது. கரையில் சாமியானா போட்டு, நாற்காலியில் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். தருமனுக்குத் தலை சுற்றியது.

“சார், குவாரிக்காரரு வெடிச்சாத்தானே சத்தம் வரும்?”

“நீரடி ஒலிவாங்கி நுட்பமான கருவி. பக்கத்தில் வெடித்தால் கெட்டுவிடும். மேலும், சத்தம் இருக்கும்போது சத்தத்தை அளந்தால் அது ஆய்வு இல்லை, புகார். நாங்கள் புகார் செய்கிற துறை இல்லை.”

அடுத்த சிக்கல் கருவியிலேயே இருந்தது. கடல்நீரில் பயன்படுத்தினால்தான் உத்தரவாதம் செல்லும் என்று அதன் பெட்டியில் அச்சடித்திருந்தது. நல்ல தண்ணீரில் விட்டுப் பழுதானால் யார் பொறுப்பு? கொஞ்ச நேரம் ஆலோசித்தார்கள். பிறகு ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம்மைக் கொண்டுவந்து, அதில் உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார்கள். கருவியை டிரம்முக்குள் இறக்கி மூடி, டிரம்மை லாரி டியூபில் கட்டி ஏரியில் மிதக்கவிட்டார்கள். அது கவிழாமல் பிடித்துக்கொள்ள இடுப்பளவுத் தண்ணீரில் தருமனை நிறுத்தினார்கள்.

பிறகு கம்ப்யூட்டரில் பதிவு. எந்த உயிரினம் பாதிக்கப்பட்டது என்ற இடத்தில் திமிங்கலம், டால்பின், ஆமை, கடற்பசு என்று நான்குதான் இருந்தன. கட்லா இல்லை.

“உங்கள் கட்லா பாசி தின்னுமா?” என்று கரையிலிருந்து கேட்டார் இயக்குநர்.

“தின்னுங்க சார்.”

“கடற்பசுவும் புல்தான் தின்னும். அதையே போடுங்கள். மொத்தம் எத்தனை?”

“குஞ்சு விட்டப்போ அஞ்சாயிரம் சார்.”

மணிமொழி தட்டச்சு செய்த கையை எடுத்தாள். “சார், இந்தியா முழுக்கத் தேடினாலே கடற்பசு சில நூறுதான் இருக்கும்.”

“அப்படியா?” இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தார். “அப்படியானால் இது சாதாரணக் கண்டுபிடிப்பு இல்லையே!”

இரண்டு வாரத்தில் வரைபடம் வந்தது. ஏரி முழுக்க அழகான நீலம், அதாவது பூரண அமைதி. ஒரே ஓர் இடத்தில் சிவப்புப் புள்ளி. தருமன் நின்று தும்மிய இடம் அது. ‘மனிதத் தலையீடு’ என்று பக்கத்தில் குறித்திருந்தார்கள். கூடவே ஓர் அறிவிக்கை. ஏரியில் அரியவகைக் கடற்பசுக்கள் கூட்டமாக வாழ்வதால் வலை வீசுவதும் பிடிப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தருமன் தண்ணீரில் இறங்குவதற்கும் தடை.

அறிவிக்கையைக் கரையில் ஆணி அடித்து மாட்டிய அன்று மத்தியானமே காசி மறுபடி வெடி வைத்தார். அளவைதான் முடிந்துவிட்டதே.

ஆதிலட்சுமி மிதந்த மீன்களைக் கரையிலிருந்தே எண்ணப் பார்த்து, முடியாமல் விட்டாள். “கழனிக்குத் தண்ணி வுட்டுக்கினே இருக்கறாங்க. ஏரி வத்தறதுக்குள்ள பிடிக்கலன்னா மிச்சமும் சேத்துல கெடந்து சாவும். நீங்க போயி அந்தப் பெரிய ஆபீசரைப் பாத்து, இது பசு இல்ல, மீனுன்னு சொல்லிட்டு வாங்க” என்றாள்.

அதற்காகத்தான் தருமன் பௌர்ணமி ஆய்வுக் கூட்டத்துக்குப் போனார். போனவரை மேடையில் ஏற்றிவிட்டார்கள். டில்லியிலிருந்து வந்த உயர் அதிகாரி சால்வை போர்த்தி, மைக்கை அவர் வாயருகே கொண்டுவந்தார். நம் பக்கத்துக்காரர்தான். வெகுகாலம் டில்லியிலேயே இருந்துவிட்டதால் தமிழை இஸ்திரி போட்டுப் பேசினார்.

“சொல்லுங்கள், நம் கடற்பசுக்கள் நலமா?”

“செத்துக்கினு இருக்குதுங்க ஐயா. மிச்சத்தப் பிடிக்கலாம்னா உடமாட்டேன்றாங்க.”

அதிகாரி மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “கேட்டீர்களா! பிடிக்க முடியவில்லையே என்று ஒரு மீனவர் கலங்கி நிற்கிறார். பாதுகாப்புச் சட்டம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? உயிரினம் பிழைத்ததா இல்லையா என்பது இயற்கையின் கையில் இருக்கிறது. சட்டம் பிழைத்ததா என்பதுதான் நம் பொறுப்பு!”

கைதட்டல் அடங்குவதற்குள் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிரிவலத்துக்கு நேரமாகிவிட்டது. முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை எல்லோரும் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் விட்டுவிட்டு எழுந்தார்கள். தருமன் மேடையில் தனியாக நின்றார்.

தருமன் சால்வையோடு வீட்டுக்கு வந்தார். ஆதிலட்சுமி அதை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் பஸ் ஏறி மணிமொழியைப் பார்க்க அவளே போனாள்.

“பாப்பா, அந்த டிரம் எங்க இருக்குது?”

“கீழ லாட்ஜ் வாசல்லதான் இருக்கு, அக்கா.”

“அத்த எடுத்தாந்து திரும்ப ஏரில போட்டுடு. எடுக்கவே எடுக்காத. அளந்துக்கினே இரு.”

மணிமொழி அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்த ஆபீஸில் சேர்ந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ‘நீண்டகாலத் தொடர் கண்காணிப்பு’ என்று தலைப்புப் போட்டு அன்றே கோப்பு எழுதினாள். நீண்டகாலம் என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் இயக்குநர் கையெழுத்திட்டார். கண்காணிப்பு நீண்டால் ஆபீஸும் நீளும். டிரம் ஏரிக்குத் திரும்பியது. அளவை முடியும்வரை வெடி கூடாது என்ற உத்தரவு காசிக்கு மறுபடி போனது.

சத்தம் நின்றது. சில நாளில் மீன்கள் தீனிக்கு வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன. தருமன் கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தண்ணீர் குறையக் குறைய, குச்சி நட்டு ஆழம் பார்ப்பார். ஆனாலும் மீன் உயிரோடு இருந்தது.

கலக்கம் லாட்ஜ் மாடியில் தொடங்கியது. வாராவாரம் டில்லிக்குப் போன வரைபடத்தில் நீலத்தைத் தவிர ஒன்றுமில்லை. சத்தமே இல்லாத இடத்துக்குச் சத்தம் அளக்கும் ஆபீஸ் எதற்கு என்று யாரோ ஓர் ஆசாமி அங்கே கேட்டுவிட்டார். இயக்குநர் சரவணகுமாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேராகக் குவாரிக்குக் காரை விட்டார்.

“மிஸ்டர் காசி, நீங்கள் ஒரே ஒரு வெடி வைக்க வேண்டும்.”

காசிக்குச் சந்தேகம். “வெக்கக் கூடாதுன்னு லெட்டர் குடுத்ததே நீங்கதானே சார்?”

“அது கொள்கை. இது தரவு.”

“எதா இருந்தாலும் எழுத்துல குடுங்க.”

இயக்குநர் எழுத்திலேயே கொடுத்தார். ஒலி மாசை அளக்கும் ஆணையமே வெடி வைக்கச் சொல்லி முத்திரையோடு உத்தரவு கொடுத்தது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. பௌர்ணமிக்கு முதல் நாள், டில்லி அதிகாரியின் முன்னிலையில், நேரடிச் செயல்விளக்கம். கடற்பசுக்கள் செத்து மிதப்பதை அவரே கண்ணால் பார்த்துவிட்டால் ஆபீஸை மூடச் சொல்ல யாருக்கும் மனசு வராது.

விஷயம் தெரிந்ததும் மணிமொழி ஆதிலட்சுமிக்குப் போன் செய்தாள். “அக்கா, நான் ஒண்ணும் சொல்லலைன்னு வெச்சுக்குங்க. அதுக்குள்ள ஏரியில மீன் இருக்கக் கூடாது.”

சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து வலையை இழுத்தார்கள். மூன்று விடியற்காலைகளில் ஏரி காலியானது. ஆதிலட்சுமி கொஞ்சம் எடுத்து வைத்தது போக மீனெல்லாம் திருவண்ணாமலை மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. சட்டப்படி பார்த்தால் அவர் ஆயிரக்கணக்கான கடற்பசுக்களை விற்றுக்கொண்டிருந்தார்.

செயல்விளக்க நாளும் வந்தது. கரையில் சாமியானா, பந்தி, வாழையிலை. வெடிக்கு முன்பாகச் சாப்பாடு. “டில்லி சாருக்கு நம்ம ஊர் மீன் வறுவல் என்றால் உயிர்” என்று இயக்குநர் முதல் நாளே ஆதிலட்சுமிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். எந்த ஊர் மீன் என்று அவர் கேட்கவில்லை. ஆதிலட்சுமி எடுத்து வைத்திருந்ததை மிளகாய் அரைத்துத் தடவி வறுத்துப் போட்டாள்; தலைகளைக் குழம்பு வைத்தாள். அதிகாரி இரண்டு துண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு எல்லோரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள். காசி துண்டை ஆட்டினார். பாறை பிளந்தது. சாமியானா ஒரு முறை எழும்பி உட்கார்ந்தது. கரையிலிருந்த கொக்குகள் எல்லாம் போய்விட்டன. ஏரி குலுங்கி அடங்கியது. தண்ணீரில் ஒரு மீன் கூட மிதக்கவில்லை.

இயக்குநரின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அதிகாரியின் முகம் மலர்ந்தது. பக்கத்திலிருந்த மணிமொழியிடம், “எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். “நீருக்கு அருகில் வைக்கப்படும் வெடியால் கடற்பசுக்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்பது கள ஆய்வில் நிரூபணமாகிறது.”

“சார், இது ஏரி. கடலுக்கு இது பொருந்தாது” என்றாள் மணிமொழி.

“நீங்கள் சின்னவர், உங்களுக்குத் தெரியாது. இந்த ஒரு வரிக்காக எத்தனை துறைமுகங்கள், எத்தனை எண்ணெய்க் கிணறுகள் காத்துக்கொண்டிருக்கின்றன தெரியுமா? ஒலியை அளக்கிற ஆணையம் ஒலியால் ஆபத்து இல்லை என்று சொன்னால் அதற்கு இருக்கிற மதிப்பே வேறு. இந்த மண்டலத்தை மூடுவதா? விரிவாக்க வேண்டும்!”

இயக்குநருக்கு உயிர் வந்துவிட்டது. அவர்தான் முதலில் கைதட்டினார்.

மணிமொழி எழுதாமல் நின்றாள். பக்கத்தில் நீர்ச் சொம்போடு நின்ற தருமன் அவள் முகத்தைப் பார்த்தார்.

“இன்னா மேடம், ஒரு மாதிரி இருக்கறீங்க?”

“இதை எழுதிட்டா நாளைக்குக் கடல்ல வெடிப்பாங்கண்ணா. அங்க நிஜமாவே கடற்பசு இருக்கு. தாய் குட்டியைக் கூப்பிடுறது குட்டிக்குக் கேக்காது. தேடித் தேடியே செத்துடும்.”

தருமனுக்குக் கடற்பசு எப்படி இருக்கும் என்று தெரியாது. வெள்ளை வயிறு மிதப்பது எப்படி இருக்கும் என்று தெரியும். அவர் சொம்பைக் கீழே வைத்தார். ஆதிலட்சுமி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். வாயைத் திறந்தால் ஜெயில் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“ஐயா” என்றார் தருமன். “ஏரில மீனே இல்லைங்க. அதான் மெதக்கல.”

“என்ன சொல்கிறீர்கள்? கடற்பசுக்கள் எங்கே போயின?”

கடலோர மக்களின் பிரதிநிதி மறுபடி வாயைத் திறப்பதற்குள், வேட்டியை விட்டுவிட்டு ஆதிலட்சுமி முன்னால் வந்தாள்.

“மார்க்கெட்ல வித்துட்டோம். மீதிய இப்பதான் நீங்க சாப்ட்டீங்க. நல்லா இருக்குதுன்னு ரெண்டு துண்டு ஜாஸ்தியா வேற கேட்டீங்களே.”

அழிந்துவரும் அரிய விலங்கைத் தின்றவர்களுக்கு என்ன தண்டனை என்று அங்கிருந்த எல்லோருக்கும் மனப்பாடம். அறிவிக்கையை எழுதியவர்களே அவர்கள்தான். ஓர் அதிகாரி இலையை மடித்துப் பாக்கெட்டுக்குள் திணிக்கப் பார்த்தார். இன்னொருவர் தான் சாம்பார் மட்டும்தான் சாப்பிட்டதாக உரக்கச் சொன்னார்.

டில்லி அதிகாரிதான் முதலில் சுதாரித்தார். குழம்புச் சட்டியிலிருந்து ஒரு தலையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“டாக்டர் சரவணகுமார், இது கட்லா.”

“ஆமாம் சார்” என்றார் இயக்குநர் உடனே. “பார்த்தவுடனே தெரிகிறது.”

“கட்லா நன்னீர் மீன். அப்படியானால் இது கடல் இல்லை.”

“இல்லவே இல்லை சார்.”

“கடல் இல்லாத இடத்தில் நமக்கு அதிகாரமும் இல்லை. நாம் இங்கே வரவில்லை. எதையும் அளக்கவில்லை. முக்கியமாக, எதையும் சாப்பிடவில்லை. எழுதிய அறிக்கைகள், மாட்டிய அறிவிக்கை எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள்.”

மணிமொழி அதை மட்டும் வேகமாக எழுதிக்கொண்டாள். கார்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகுதான் தருமன் கரையில் உட்கார்ந்தார். ஆதிலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த வறுவலை ஒரு தட்டில் வைத்து அவரிடம் தள்ளினாள்.

அதற்கு மேல் நடந்தவற்றை யாரும் திட்டமிடவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் கடல் இல்லை என்பதை இயக்குநர் சரவணகுமார் பெரிய அறிக்கையாக எழுதி, படங்களோடு அச்சிட்டார். அந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மற்ற மாவட்டங்களில் கடல் இருக்கிறதா என்று பார்க்கும் குழுவுக்கு அவரே இப்போது தலைவர். அறிக்கைகளை ரத்து செய்தவர்கள், காசிக்குப் போன வெடித்தடை உத்தரவை மறந்துவிட்டார்கள். நாங்கள் அங்கே வரவே இல்லை என்று சொன்னவர்கள் அதை எப்படித் திரும்பப் பெறுவார்கள்? காசி கொஞ்சநாள் அலைந்து பார்த்துவிட்டு, பாறையின் மறுபக்கம் போய் வெடி வைக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கம் ஏரி இல்லை. ஒரு பள்ளிக்கூடம்தான் இருக்கிறது. அதற்கான ஆணையம் இன்னும் வரவில்லை.

மணிமொழிக்குத் தண்டனை மாறுதல் கிடைத்தது. கடற்கரை ஊருக்கு. தண்டனை ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தவள் அவள் ஒருத்திதான். மழை வந்து, தருமன் புதுக் குஞ்சுகளை விட்டுக்கொண்டிருந்த ஒருநாள் போன் செய்தாள். பின்னால் அலைச் சத்தம் கேட்டது. தருமன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“கடலு எப்பிடி மேடம் இருக்குது?”

“ஜன்னல்ல தெரியுதுண்ணா. ஆனா எனக்கு அதுல வேலை இல்ல. திருவண்ணாமலை ஆபீஸை மூடிட்டாங்கல்ல? ஏரி, குளம் எல்லாத்தையும் இனிமே இங்கிருந்துதான் அளக்கணுமாம். என்னை ஏரிப் பிரிவுல போட்டிருக்காங்க.”

ஆதிலட்சுமி போனை வாங்கிக்கொண்டாள்.

“அப்போ நம்ம ஏரிக்கே அளக்க வந்துடு பாப்பா. தை மாசத்துக்கு மேல வா, மீனு நல்லா வளந்திருக்கும்” என்றாள்.